கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்: டிராலி இழுக்கும் பழைய வண்டிகளுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, படப்பிடிப்பு என்று ஜெனரேட்டர் டிராலி இழுத்துப் போவது என் தொழில். ஜெனரேட்டரும் டிராலியும் சேர்ந்து ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். இழுப்பது பதினேழு வயதான ஒரு டீசல் ஜீப். ஐந்து கியர், பின்சக்கரத்தில் இழுவை. நான் மெக்கானிக் இல்லை, மெக்கானிக்குகளுக்குக் காசு கொடுத்தே கற்றுக்கொண்டவன். ரெக்கவரி வண்டி ஓட்டுபவர்கள், கம்ப்ரசர் இழுப்பவர்கள், பழைய பொலேரோவையும் சுமோவையும் வைத்துத் தொழில் செய்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதற்கெல்லாம் தெரிந்தவரை இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மெக்கானிக் "கியர்பாக்ஸ் போயிடுச்சு, இறக்கணும்" என்கிறார். இறக்கலாமா?

அதற்கு முன் டிராலியைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். இது எனக்குப் பாடமான கதையைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு ஆடி மாதம். கல்யாண ஆர்டர் இருக்காது, ஆனால் அம்மன் கோயில் கூழ் வார்க்கும் திருவிழாக்களுக்கு ஜெனரேட்டர் ஓயாது. முதல் கியரில் கிளம்பும்போது வண்டிக்கு அடியில் "டொக்" என்று ஒரு சத்தம். பிரேக் மிதித்தால் இன்னொரு "டொக்". பட்டறையில் விட்டேன். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்டின் இரண்டு கிராஸையும் (அதன் முனைகளில் வளைந்து கொடுக்கும் மூட்டுகள்) மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. கியர்பாக்ஸை இறக்கி, பேரிங் மாற்றி, திரும்ப ஏற்றினார்கள். ஐந்து நாள் வண்டி நின்றதில் இரண்டு கோயில் ஆர்டர் கைவிட்டுப் போனது. வண்டி வந்த அன்று இரவே மறுபடியும் "டொக்". கோயில் வாசலில் டிராலியை ரிவர்ஸில் தள்ளிக்கொண்டிருந்தேன். ஏணி மேல் நின்று சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்த பையன் அங்கிருந்தே சொன்னான்: "அண்ணே, உங்க கொக்கிய பாருங்க, குதிக்குது."

இறங்கிப் பார்த்தால், டிராலி முன்னால் இருக்கும் இழுவை வளையம் தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. அதற்குள் இருக்கும் இரும்பு முளை கட்டைவிரல் அகலத்துக்கு ஆடியது. ஜீப் கிளம்பி அரை நொடி கழித்துத்தான் டிராலி கிளம்பும், அந்த இடைவெளியில் வருவதுதான் "டொக்". சேஸிஸ் வழியாக சீட்டுக்கு ஏறி வரும்போது அது கியர்பாக்ஸுக்குள்ளிருந்து வருவது போலவே கேட்கும். வளையத்துக்குள் புது புஷ் அடித்துத் தர லேத் பட்டறைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அன்றிலிருந்து நான் பின்னாலிருந்து முன்னால் பார்த்துக்கொண்டு வருகிறேன். கொக்கி, டிராலி சக்கரம், ஹவுசிங் (பின் அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல்), ஜாயிண்ட் ஷாஃப்ட், கிளட்ச், இவை எல்லாம் முடிந்த பிறகுதான் கியர்பாக்ஸ். செலவு குறைவானதிலிருந்து கூடுதலானதற்குப் போகும் வரிசையும் ஏறக்குறைய இதேதான்.

டிராலியைக் கழற்றினால் வண்டி நன்றாகப் போகிறது. கட்டினால்தான் திணறுகிறது. கிளட்ச் போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் டிராலியே தடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதையும் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, டிராலியின் ஒவ்வொரு சக்கர ஹப் பக்கமும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். உடனே தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் மற்றதைவிட நன்றாகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் கிரீஸ் இல்லாமல் அரைகிறது. டயரில் காற்று குறைவாக இருந்தாலும் டிராலி இப்படித்தான் பின்னால் பிடித்து இழுக்கும். டிராலி டயருக்குக் காற்று பார்ப்பதை நம்மில் பாதிப் பேர் மறந்தேவிடுகிறோம்.

இரண்டும் சரி என்றால் கிளட்சைச் சந்தேகப்படலாம்.

ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் என்ஜின் மட்டும் கத்துகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. என்ன கோளாறு?

கிளட்ச் வழுக்குகிறது. கியர்பாக்ஸ் மேல் பழி போட வேண்டாம். உறுதி செய்ய, டிராலி இல்லாமல் காலியான சமதளச் சாலையில் நாலாவது கியரில் 30, 35 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதியுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் முக்கி முனகி மெதுவாக வேகம் எடுக்கும். போன கிளட்ச் என்றால் என்ஜின் சத்தம் சர்ரென்று ஏறும், ஸ்பீடோமீட்டர் முள் இருந்த இடத்திலேயே இருக்கும். கூடவே கருகிய வாடை வரும், அதை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், மிச்சமிருக்கும் பிளேட்டும் அதிலேயே போய்விடும்.

பிளேட் தேய்ந்துதான் வழுக்க வேண்டும் என்றில்லை. பெடலில் கொஞ்சம் விளையாட்டு இருக்க வேண்டும், அதாவது மிதிக்க ஆரம்பித்ததும் சிறிது தூரம் லேசாக இறங்க வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் டைட்டாக அட்ஜஸ்ட் செய்துவிட்டால், நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்தபடியே கிடக்கும். கிளட்சில் காசில்லாமல் சரியாகக் கூடிய கோளாறு இது ஒன்றுதான்.

இன்னொரு காரணம் எண்ணெய். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். அங்கே சொட்டுகிற எண்ணெயை விரலில் எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, நீர்த்து இருந்தால் என்ஜின் ஆயில், கிராங்க் பின்பக்க சீல் போய்விட்டது. கெட்டியாக, தீபாவளி மறுநாள் காலை தெருவில் அடிக்கும் கந்தக வாடை வந்தால் கியர் ஆயில், கியர்பாக்ஸின் முன் சீல் போய்விட்டது. எதுவானாலும் எண்ணெய் குடித்த பிளேட்டைக் கழுவிப் போட்டால் நிற்காது. மாற்றும்போது பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்ததும் அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள். "பிளேட் மட்டும் போதும் சார்" என்பவரிடம், ரிலீஸ் பேரிங் ஆறு மாதத்தில் போனால் மறுபடி கியர்பாக்ஸை இறக்க யார் கூலி கொடுப்பது என்று கேளுங்கள். என்ஜின் பக்கம் பிளேட் ஒட்டிச் சுற்றும் ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்திருந்தால் அது அதிகச் சூட்டைப் பார்த்திருக்கிறது. வெடிப்பு இல்லையென்றால் லேத்தில் முகம் எடுத்துப் போடலாம், வெடிப்பு இருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கியர் போட்டால் கரகரவென்று அரைக்கிறது. ரிவர்ஸ் போடும்போது இன்னும் மோசம்.

பல பழைய வண்டிகளில் ரிவர்ஸ் கியருக்கு சின்க்ரோ வளையம் (அரைக்காமல் கியர் விழ வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) கிடையாது. அதனால் ரிவர்ஸை வைத்தே கிளட்சைச் சோதிக்கலாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுசாக மிதித்து மனதுக்குள் ஐந்து எண்ணிய பிறகு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் சரியாக விடுபடுகிறது, நீங்கள்தான் அவசரப்பட்டிருக்கிறீர்கள். ஐந்து எண்ணிய பிறகும் அரைத்தால் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை.

ஹைட்ராலிக் கிளட்ச் (திரவ அழுத்தத்தில் வேலை செய்வது) உள்ள வண்டியில் பெடலை இரண்டு மூன்று தடவை அடித்தபின் கியர் சுலபமாக விழுகிறதா? அப்படியென்றால் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெடல் பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் தேய்ந்திருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாகப் பிரித்துப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் அதுவும் கசிகிறது. இதில் ஓடும் டாட் 3 அல்லது டாட் 4 திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். கடலோர ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுவது நல்லது.

எல்லாக் கியரும் நன்றாக விழுந்து, ஓடும்போது இரண்டாவது மட்டும் அரைக்கிறது என்றால் அது வேறு கதை. அந்தக் கியரின் பித்தளை சின்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது. மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் நியூட்ரலில் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துப் போட்டால் அரைக்காமல் விழும். பழைய லாரி டிரைவர்கள் எல்லோரும் ஓட்டியது இப்படித்தான். இப்படியே மாதக் கணக்கில் ஓட்டலாம், நான் ஓட்டியிருக்கிறேன்.

அடியில் சத்தம் வருகிறது. எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சத்தத்தைக் கேட்டால் போதாது, அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

வண்டி நிற்கிறது, நியூட்ரல், என்ஜின் ஓடுகிறது, கிளட்சில் கால் இல்லை. இப்போது கரகரப்பு கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால், கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் பேரிங்கோ முன் ஷாஃப்டின் சுழற்சியை மற்ற கியர்களுக்குக் கொண்டுபோகும், அடியில் இருக்கும் லே ஷாஃப்டின் பேரிங்கோ போயிருக்கிறது. காலை எடுத்திருக்கும்போது அந்த இரண்டும் சுற்றும், மிதித்தால் நின்றுவிடும் என்பதுதான் கணக்கு. நேர்மாறாக, மிதித்தால்தான் சத்தம் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை, இறக்கினால் போதும். பட்டறைக்காரரிடம் இதைச் சொல்லிவிட்டே வண்டியைக் கொடுங்கள்.

குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்தக் கியரின் பல். பின்சக்கர இழுவை வண்டிகளில் நாலாவது கியரில் மட்டும் அமைதியாகி, மற்ற எல்லாவற்றிலும் ஊளையிட்டால் லே ஷாஃப்ட். இப்படிப்பட்ட பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் நாலாவது நேர் கியர். முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுற்றும், லே ஷாஃப்ட் சுற்றினாலும் அதன்மேல் பாரம் இருக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேறொரு கேள்விக்கு இது பயன்படும்.

கியர்பாக்ஸா ஹவுசிங்கா என்று சந்தேகம் வந்தால் 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் ஒரு தடவை, அதே வேகத்தில் நாலாவதில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். என்ஜின் வேகம் மாறியும் ஊளையின் சுருதி மாறவில்லையென்றால் அது சக்கர வேகத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று. ஹவுசிங்கின் பல்சக்கர ஜோடியான கிரவுன் பீனியன், பீனியன் பேரிங் அல்லது சக்கர பேரிங். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது ஒரு சத்தம், காலை எடுத்ததும் வேறு சத்தம் என்றால் பீனியன் பக்கம் சந்தேகம் கூடும். இந்தச் சோதனைக்கு மதுரவாயல் பைபாஸைவிட விடிகாலை நேரத்து மெரினா கடற்கரைச் சாலை வசதி. சமதளம், நேர்ச்சாலை, இரைச்சலும் குறைவு.

கிளம்பும்போது மட்டும் ஒரு இடி, வேகத்தில் அதிர்வு. இது?

கொக்கியைப் பார்த்துவிட்டீர்கள்தானே? அடுத்தது ஜாயிண்ட் ஷாஃப்ட். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் போட்டு, கீழே படுத்து ஷாஃப்டைக் கையால் இரு பக்கமும் திருகிப் பாருங்கள். கட்டை வைக்காமல் எந்தப் பழைய வண்டிக்கடியிலும் போகாதீர்கள். ஹவுசிங் பக்கம் சிறு ஆட்டம் சகஜம். கிராஸ் இருக்கும் இடத்தில் துளி ஆட்டமும் இருக்கக் கூடாது. கிராஸைச் சுற்றித் துருப்பொடி செம்மண் மாதிரி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் எப்போதோ தீர்ந்துவிட்டது. இரண்டு துண்டாக வரும் நீளமான ஷாஃப்டில் நடுவே ரப்பரோடு ஒரு சென்டர் பேரிங் தொங்கும், பாரம் இழுக்கும் வண்டியில் அந்த ரப்பர் கிழிவது சாதாரணம். மாற்றும்போது ஷாஃப்டைக் கழற்றும் முன் சேரும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கோடு மாறிச் சேர்ந்தால் இல்லாத அதிர்வும் வரும்.

பாரம் இழுக்கும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. ஆபத்தா?

ஆபத்துதான். கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது கழன்றால் பின்னால் வரும் மாநகரப் பேருந்துக்கு உங்கள் டிராலிதான் கிடைக்கும். முதலில் என்ஜின், கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள். கிழிந்த ரப்பர் பாரத்தில் மொத்தக் கியர்பாக்ஸையும் முறுக்கிவிடும், அந்த முறுக்கலில் கியர் கம்பி இழுபட்டுக் கியர் வெளியே வரும். மவுண்டிங் நன்றாக இருந்தால் மேல் மூடிக்குள் இருக்கும் சிறு குண்டும் ஸ்பிரிங்கும். கியரை அதன் இடத்தில் பிடித்து வைப்பவை அவைதான். பல மாடல்களில் கியர்பாக்ஸை இறக்காமலே இவற்றை மாற்றலாம். கடைசியாகத்தான் தேய்ந்த ஃபோர்க்கும் (கியரை நகர்த்தும் கவை) கியர்ப் பல்லும்.

ஃபோர்க் ஏன் தேய்கிறது என்று கேட்டால் பதில் நம் இடது கையில் இருக்கிறது. கியர் கம்பியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம். அந்தக் கையின் எடை நாள் முழுக்க ஃபோர்க்கை, சுழன்றுகொண்டிருக்கும் வளையத்தின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும்.

கியர் ஆயிலை நானே பார்க்க முடியுமா?

முடியும், பார்க்கவும் வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்க, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஃபில்லர் போல்டைத் திறந்து சுண்டுவிரலை விடுங்கள். துளையின் அடி விளிம்பு வரை எண்ணெய் இருக்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால் கீழ் போல்டை அவிழ்ப்பதற்கு முன் மேல் போல்டு அவிழ்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெயையெல்லாம் வடித்துவிட்டு, துருப்பிடித்த மேல் போல்டு அசைய மறுத்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஸ்பேனரோடு மல்லுக்கட்டிய ஆள் எழுதுகிறேன்.

வடித்த எண்ணெயில் கொஞ்சம் உள்ளங்கையில் தேய்த்து வெயிலில் பிடியுங்கள். காந்தம் வைத்த வடிபோல்டில் சாம்பல் நிறப் பசை படிந்திருப்பது வயதான பெட்டிக்கு இயல்பு. உள்ளங்கையில் பொன்னிறமாக மினுமினுத்தால் சின்க்ரோ வளையங்கள் கரைகின்றன. நகத்துண்டு மாதிரி இரும்புச் சில்லு வந்தால் பல் உடைகிறது, அந்த வண்டியில் அதற்கு மேல் பாரம் கட்டாதீர்கள்.

எந்த எண்ணெய் என்பதில் கடைக்காரர் சொல்வதைவிட வண்டியின் மேனுவல் சொல்வதைக் கேளுங்கள். பல பழைய கியர்பாக்ஸ்களுக்கு 80டபிள்யூ-90 ஜி.எல்-4 ரக எண்ணெய் கேட்பார்கள், ஹவுசிங்குக்கு ஜி.எல்-5. எண் பெரியது என்பதால் ஜி.எல்-5தான் உசத்தி என்று இரண்டுக்கும் அதையே ஊற்றுகிறார்கள். ஜி.எல்-5இல் கூடுதலாக இருக்கும் கந்தக ரசாயனம் ஹவுசிங்கின் கிரவுன் பீனியனுக்கு வேண்டும், ஆனால் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மேனுவல் ஜி.எல்-5 கேட்டால் தாராளமாக ஊற்றுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது. போதுமா?

2015 டிசம்பருக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் எங்கள் வட்டாரத்தில் இதே கேள்விதான். எல்லோரும் என்ஜினைப் பார்த்தார்கள், சீட்டைக் காயவைத்தார்கள். ஹவுசிங்கை யாரும் திறக்கவில்லை.

தண்ணீர் உள்ளே போவது இப்படி. பாரம் இழுத்துச் சூடாக இருக்கும் ஹவுசிங் முட்டளவு வெள்ளத்தில் இறங்குகிறது. உள்ளிருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். மேலிருக்கும் சிறு மூச்சுக்குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீர் போய்விடும். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய நீரில் ஒரு தடவை இறங்கி ஏறினாலே போதும், வீட்டு வாசலில் நாள் கணக்கில் முங்கிக் கிடக்க வேண்டும் என்றில்லை.

வடித்துப் பார்த்தால் எண்ணெய் டீக்கடைப் பால்காபி நிறத்தில் இருக்கும். அப்படி இருந்தால் முழுசாக வடித்து, விலை குறைந்த கியர் ஆயிலை ஊற்றி, பாரமில்லாமல் சில கிலோமீட்டர் ஓட்டி, சூடாக இருக்கும்போதே அதையும் வடித்துவிட்டு நல்ல எண்ணெய் ஊற்றுங்கள். இரண்டாவது தடவை வடித்ததும் மங்கலாக இருந்தால் இன்னொரு சுற்று. கியர்பாக்ஸ், ஹவுசிங், டிராலியின் ஹப் மூன்றையும் பார்க்க வேண்டும். மூச்சுக்குழாயைத் துடைத்து, ஊதிப் பாருங்கள். அது சேற்றில் அடைத்திருந்தால் சூட்டில் விரியும் காற்று போக வழியில்லாமல் எண்ணெயை சீல் வழியாக வெளியே தள்ளும். சீல் மாற்றி மாற்றி அலுத்துப்போன ஒரு நண்பரின் வண்டியில் கடைசியில் கண்டுபிடித்தது குளவி கட்டிய மண் கூடு.

ஆட்டோமேட்டிக் கியர் உள்ள பழைய எஸ்.யூ.வியில் டிராலி இழுக்கலாமா?

இழுக்கலாம், ஆனால் இதற்குச் சூடு ஆகாது. கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வர்ட்டரில் எண்ணெய் சுழன்றுதான் இழுவை கடக்கிறது. பாரம் ஏற ஏற அங்கே வழுக்கல் கூடி எண்ணெய் கொதிக்கும். மே மாத அக்னி நட்சத்திரத்தில், ஓ.எம்.ஆர் சிக்னலில் ஏ.சி. ஓட, பின்னால் ஒன்றரை டன்னோடு நிற்கிற வண்டியின் ஏ.டி.எஃப் என்கிற ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்க்கு என்ன கதி என்று யோசித்துப் பாருங்கள். தனி ஆயில் கூலர் வைப்பது இங்கே ஆடம்பரம் இல்லை. ஓவர்டிரைவ் (உயர் கியர்) பொத்தான் இருந்தால் இழுக்கும்போது அணைத்துவிடுங்கள்.

டிப்ஸ்டிக் உள்ள மாடலில் எண்ணெய் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறினால் மாற்றும் நேரம். கறுத்துக் கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் பட்டைகள் எரிந்திருக்கின்றன. மயிலாப்பூர் ரோஸ்மில்க் நிறத்தில் வந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் தண்ணீர் கியருக்குள் கலந்துவிட்டது.

திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொண்டு விளக்கு எரிந்தால் கம்ப்யூட்டர் கியர்பாக்ஸைக் காப்பாற்ற அப்படிச் செய்கிறது. ஸ்கேனர் வைப்பதற்கு முன் பேட்டரி வோல்டேஜையும் எர்த் ஒயரையும் பாருங்கள். பழைய வண்டிகளில் அந்த விளக்கு வரப் பலவீனமான பேட்டரி ஒன்றே போதும்.

நான் ரெக்கவரி வேலை செய்கிறேன். கட்டி இழுத்துவந்த கார் கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சண்டைக்கு வருகிறார்கள்.

ஆட்டோமேட்டிக் காராக இருந்து, இழுவைச் சக்கரங்கள் தரையில் உருண்டிருந்தால் அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். என்ஜின் ஓடாவிட்டால் உள்ளே எண்ணெய் பம்ப் சுற்றாது, நியூட்ரலில் போட்டாலும் கியர்கள் வறட்சியில்தான் சுழலும். முன்சக்கர இழுவைக் கார் என்றால் முன்பக்கத்தைத் தூக்குங்கள். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியை ஃப்ளாட்பெட் லாரி மேல் ஏற்றுங்கள், வேறு பேச்சு வேண்டாம்.

எந்தக் கியரில் இழுப்பது நல்லது? ஐந்தாவதில் போட்டால் டீசல் மிச்சமாகுமே?

லே ஷாஃப்ட் பற்றி மேலே சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நாலாவதில் பாரம் நேராகக் கடந்துபோகும். ஐந்தாவதில் மொத்தப் பாரமும் லே ஷாஃப்ட் வழியாக, இரண்டு இடத்தில் பல்லோடு பல் உரசிப் போகிறது. காலி வண்டிக்கு அது பரவாயில்லை. பாரத்தோடு மணிக்கணக்கில் ஜி.எஸ்.டி. சாலையில் ஐந்தாவதில் போனால், மிச்சம் பிடித்த டீசலை ஐந்தாவது கியருக்கும் பேரிங்குக்கும் சேர்த்துக் கட்டுவீர்கள். நான் டிராலி கட்டினால் நாலாவதுக்கு மேல் போவதில்லை.

கிளம்புவது எப்போதும் முதல் கியரில். இரண்டாவதில் கிளம்பினால் கிளட்ச் கூடுதல் நேரம் வழுக்கித்தான் பாரத்தை நகர்த்தும். மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நின்றால் அரைக் கிளட்சில் வண்டியைப் பிடித்து வைக்காமல் ஹேண்ட்பிரேக் போடுங்கள். கிளட்ச் எரிந்து நின்ற டிராலிகளை நான் பார்த்தது நெடுஞ்சாலையில் இல்லை, இப்படிப் பத்து மீட்டர் பத்து மீட்டராக ஊர்ந்த இடங்களில்தான். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். பின்னாலிருந்து தள்ளும் டிராலியை பிரேக் மட்டுமே தனியாகத் தாங்க வேண்டி வரும்.

கியர்பாக்ஸ் நிஜமாகவே போய்விட்டது. புதுப்பேட்டையில் பழைய பெட்டி வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்கினால். உங்களுடையதில் போயிருப்பது பேரிங்கும் சின்க்ரோவும் மட்டும் என்றால் ஜி.பி. ரோட்டில் உதிரிப்பாகம் வாங்கி அதையே பிரித்துப் பார்ப்பதுதான் என் கட்சி. ஏனென்றால் உங்கள் பெட்டியின் வரலாறு உங்களுக்குத் தெரியும். உள்ளே பல் உடைந்து ஓடு வரை அடித்திருந்தால் மட்டும் புதுப்பேட்டை.

அங்கே போகும்போது உங்கள் பெட்டியின் முன் ஷாஃப்ட் பல் எண்ணிக்கை, பெல் ஹவுசிங் துளைகள், கியர் கம்பி மேலேயா பக்கவாட்டிலா என்பதையெல்லாம் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் மாறும். முன் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், லேசான அசைவைத் தாண்டி ஆடினால் நகருங்கள். ஒவ்வொரு கியரிலும் போட்டுக் கையால் சுற்றினால் ஒரே மாதிரி சுற்ற வேண்டும், ஒரு இடத்தில் மட்டும் தடுக்கக் கூடாது. மேல் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். "திறந்தா கேஸ்கட் போயிடும் தலைவரே" என்றால் கேஸ்கட் காசை நீங்களே கொடுத்துவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள், திருட்டு வண்டியின் பாகம் என்று பின்னால் போலீஸ் வந்தால் உங்கள் கையில் இருப்பது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

பழைய வண்டி வாங்கின வாரம் சத்தமே இல்லை. முதல் ஆயில் மாற்றியதும் கியர்பாக்ஸ் ஊளையிடுகிறது. புது எண்ணெய்தான் கெடுத்துவிட்டதா?

பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டீர்களா, இல்லை பக்கெட்டில் இருக்கிறதா? இருந்தால் ஒரு குச்சியால் கலக்கித் தூக்கிப் பாருங்கள். வெல்லப்பாகு மாதிரி கம்பி இழுத்தால் விற்றவர் கிரீஸ் கலந்து சத்தத்தை அமுக்கியிருக்கிறார். அடியில் மரத்தூள் தங்கியிருந்தாலும் அதே வேலைதான். அடுத்த தடவை பழைய வண்டி பார்க்கப் போகும்போது சுண்டுவிரலை ஃபில்லர் துளையில் விட்டுப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.